பங்கு வாங்குபவர் பங்காளியே!
பங்குச் சந்தை முதலீடு குறித்து ஜமாஅத்தார் கேட்ட வினாக்களும் விளக்கங்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

இவ்வாண்டு உரைக்கென வினாக்களை எழுதித் தருமாறு நிர்வாகம் கேட்டிருந்தது. வந்த துண்டுச் சீட்டுகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையைப் பற்றியவை. எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம், எத்தனை கம்பெனிகளில் பணத்தைப் போடலாம், விலை இறங்கினால் விற்பதா வைத்திருப்பதா, ஜகாத்தை எப்படிக் கணக்கிடுவது என்பன அவ்வினாக்கள். முன்பெல்லாம் நம் கடற்கரை ஊர்களில் சேமிப்பு என்றால் நகை, மனை, தென்னந்தோப்பு ஆகிய மூன்றுதான். இன்று கைப்பேசி உள்ள ஒவ்வோர் இளைஞரின் கையிலும் பங்குச் சந்தை இருக்கின்றது. துபையிலும் தம்மாமிலும் வெயிலில் நின்று ஈட்டிய பணம், ஒரு விரல் அசைவில் அங்கே போய்ச் சேர்ந்து விடுகின்றது. ஆகவே இது குறித்து விளங்கிக் கொள்வது நம் அனைவர் மீதும் கடமையாகும்.

பங்கு என்றால் என்ன?

இச்சொல்லை நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகு கரை திரும்பினால், மீன்பாட்டை விற்ற தொகையில் டீசல், ஐஸ் முதலிய செலவுகளைக் கழித்து, மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு எனப் பங்கு பிரிக்கின்றனர். மீன்பாடு இருந்தால் எல்லோருக்கும் பங்கு உண்டு. இல்லாவிட்டால் எல்லோருக்கும் நட்டம் உண்டு. கம்பெனிப் பங்கின் அடிப்படையும் இதுவே. ஒரு கம்பெனியின் பத்துப் பங்குகளை வாங்கியவர், அதன் ஆலையிலும் சரக்கிலும் கடனிலும் இலாபத்திலும் மிகச் சிறிய அளவுக்கு உரிமையாளர் ஆகிவிடுகின்றார். ஷரீஅத்தின் மொழியில் இது 'முஷாரகா' எனும் கூட்டு வாணிபத்தின் இனத்தைச் சேர்ந்தது.

கூட்டு வாணிபம் நம் முன்னோருக்கு அந்நியமானதன்று. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையிலிருந்து கப்பல் வாணிபம் நடத்தி, உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் வாழ்ந்த கரை இது. வாணிபத்தை அல்லாஹ் ஆகுமாக்கி, வட்டியை விலக்கியுள்ளான் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. எனவே, பங்கு வாங்கலாமா என்று பொதுவாகக் கேட்பதை விட, 'எந்த வியாபாரத்தில் நாம் பங்காளி ஆகின்றோம்?' என்று கேட்பதே சரியான வினாவாகும். இன்றைய உரை முழுவதையும் இந்த ஒரு வினாவிலிருந்தே விளங்கிக் கொள்ளலாம்.

எந்தக் கம்பெனி ஆகும், எது ஆகாது?

முதலாவது, கம்பெனியின் தொழில். வட்டியே தொழிலாக உள்ள வங்கிகள், நிதி நிறுவனங்கள், மரபு வழிக் காப்பீட்டுக் கம்பெனிகள், மது, பன்றி இறைச்சி, சூதாட்டம், ஆபாசக் கேளிக்கை ஆகியவற்றில் ஈடுபடும் கம்பெனிகளின் பங்குகள் ஆகாதவை. ஒரே குடையின் கீழ்ப் பல தொழில்கள் நடத்தும் கம்பெனிகளும் உண்டு. கோதுமை மாவும் பிஸ்கட்டும் விற்கும் ஐ.டி.சி. கம்பெனிதான் சிகரெட்டும் தயாரிக்கின்றது. வீட்டு அடுப்படியில் அதன் மாவுப் பொட்டலம் இருப்பதால் பங்கு ஆகுமாகி விடாது. மாவு வாங்குபவர் வாடிக்கையாளர். பங்கு வாங்குபவர் சிகரெட்டுக்கும் பங்காளி.

இரண்டாவது, கம்பெனியின் பணம். தொழில் ஹலாலாக இருப்பினும், இன்றைய கம்பெனிகளில் வங்கிக் கடன் இல்லாதவையும், வைப்புத் தொகைக்கு வட்டி பெறாதவையும் அரிது. இங்கே உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1992ஆம் ஆண்டு மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தொழில் ஹலாலாக இருந்தாலும் சில வேளைகளில் வட்டியில் ஈடுபடும் கம்பெனிகளில் பங்கு சேர்வது அடிப்படையில் கூடாது எனத் தீர்மானித்தது. முஃப்தி தகீ உஸ்மானி போன்ற அறிஞர்கள், தவிர்க்க இயலாத இச்சூழலைக் கருதி, கடுமையான நிபந்தனைகளுடன் அனுமதித்துள்ளனர். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட 'அயோஃபி' எனும் இஸ்லாமிய நிதித் தர நிர்ணய அமைப்பும் அவ்வாறே தன் 21ஆம் விதியில் வரம்புகளை வகுத்தது. வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டுக்கு மிகலாகாது. வட்டி வைப்புத் தொகையும் 30 விழுக்காட்டுக்கு மிகலாகாது. ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்பன அவ்வரம்புகள்.

நம் நாட்டில் மும்பையின் 'தாசிஸ்' எனும் ஷரீஅத் ஆலோசனை நிறுவனம் இதனினும் இறுக்கமான அளவைக் கையாண்டது. வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 விழுக்காடு, வட்டி வருமானம் மொத்த வருமானத்தில் 3 விழுக்காடு என்பது அதன் வரம்பு. அதன் துணையுடன் பம்பாய் பங்குச் சந்தை 2010 டிசம்பர் 27 அன்று 50 கம்பெனிகள் கொண்ட ஷரீஅத் குறியீட்டெண்ணைத் தொடங்கியது. தேசியப் பங்குச் சந்தையும் நிஃப்டி ஷரீஅத் குறியீட்டெண்ணை வெளியிடுகின்றது. கணக்கேட்டைப் படித்தறிய இயலாதவர்கள் இப்பட்டியல்களில் தேடலாம். பேணுதலுடையோர் முதற்கருத்தைப் பின்பற்றி விலகி இருந்தால் அவர்களைக் குறை கூறலாகாது. அனுமதியைப் பின்பற்றுவோர், அனுமதியோடு அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

தூய்மைப்படுத்துதல்

அந்நிபந்தனைகளில் தலையாயது, கலந்துவிட்ட ஆகாத பணத்தை வெளியேற்றுவது. எளிய கணக்கொன்று சொல்வோம். கம்பெனியின் மொத்த வருமானத்தில் வட்டி 2 விழுக்காடு எனக் கொள்வோம். நமக்கு 5,000 ரூபாய் டிவிடெண்ட் வந்தால், அதில் 100 ரூபாயை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னும் பேணுதலான முறையும் உண்டு. கம்பெனி அவ்வாண்டு பெற்ற வட்டித் தொகையை அதன் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, நம்மிடமுள்ள பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, டிவிடெண்ட் வந்தாலும் வராவிட்டாலும் அத்தொகையைக் கொடுத்துவிட வேண்டும். இது ஸதகா அன்று. நன்மையை எதிர்பார்த்துக் கொடுப்பதும் அன்று. கையில் ஒட்டிய அழுக்கைக் கழுவுவது போன்றது. ஜகாத்தில் இதனைச் சேர்த்துக் கணக்கிடலாகாது. பள்ளிவாசலின் கட்டடச் செலவுக்கும் இதனைத் தர வேண்டாம் எனக் கேட்டுக் கொள்கின்றோம்.

தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

ஹலால் என்பதாலேயே ஒரு பங்கு நல்ல முதலீடாகி விடாது. ஹலாலான மீனும் கெட்டுப் போகும். ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மென்பொருள் கம்பெனி, தொழிலில் குறையில்லை. சிறந்த நிர்வாகத்துக்கான விருதையும் 2008இல் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கேட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். முந்தைய நாள் ஏறத்தாழ 179 ரூபாய்க்கு விற்ற பங்கு, அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்தது.

ஊரில் ஒருவரோடு கடை வைப்பதென்றால் நாம் என்ன விசாரிப்போம்? என்ன சரக்கு, யார் வாங்குகின்றார்கள், கடன் எவ்வளவு, ஆள் நாணயமானவரா என்று கேட்போம். கம்பெனியிடமும் அதே நான்கையும் கேளுங்கள். அது எதை விற்று இலாபம் பெறுகின்றது என்பதை வீட்டாருக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்க இயலாவிட்டால், அதனை வாங்க வேண்டாம். ஐந்து ஆண்டுகளாக இலாபம் காட்டுகின்றதா, அந்த இலாபம் ரொக்கமாகக் கைக்கு வருகின்றதா, நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்துள்ளார்களா, தணிக்கையாளர் நடுவில் விலகினாரா என்பவை ஆண்டறிக்கையிலும் சந்தையின் இணையதளத்திலும் உள்ளன. தொலைபேசிக் குழுவில் முகம் தெரியாதவர் அனுப்பும் 'டிப்ஸ்' இவற்றில் ஒன்றுக்கும் விடையாகாது. இவ்வளவு விசாரிக்க நேரமில்லாதவர்களுக்கு டாட்டா எதிக்கல் ஃபண்ட், 2009இல் தொடங்கப்பட்ட டாரஸ் எதிக்கல் ஃபண்ட் போன்ற, ஷரீஅத் அளவுகோலைக் கையாளும் பரஸ்பர நிதிகள் உள்ளன. அவற்றிலும் ஏற்ற இறக்கம் உண்டு; தூய்மைப்படுத்தும் கடமையும் உண்டு.

எந்தப் பணத்தை, எத்தனை கம்பெனிகளில்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாட்களின் அடுப்புச் செலவுக்கென வைத்துள்ள பணத்தைப் பங்கில் போடுபவர், நட்டத்தில் விற்க நேரிடும். மகளின் திருமணம், ஹஜ், மருத்துவம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணமும் அவ்வாறே. மனைவியின் நகையை வங்கியில் அடகு வைத்து, வட்டிக்குப் பணம் பெற்று ஹலால் பங்கு வாங்குவதாகச் சிலர் கூறுகின்றனர். வட்டி கொடுத்து வாங்கும் ஹலால், எங்ஙனம் ஹலாலாகும்? தரகு நிறுவனம் 'மார்ஜின்' எனத் தரும் கடனும் வட்டிக் கடனே.

எத்தனை கம்பெனிகள் என்னும் வினாவுக்கு யூசுஃப் அத்தியாயத்தில் ஒரு படிப்பினை உள்ளது. யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாயில் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாயில்கள் வழியாக நுழையுமாறு அறிவுறுத்தினார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் உடன் கூறினார்கள். முயற்சியும் தவக்குலும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்துள்ளதைக் கவனியுங்கள். முதலீட்டிலும் பல வாயில்கள் வேண்டும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உள்ளது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நீங்கிவிட்டால், ஷரீஅத் பட்டியலில் மென்பொருள், மருந்து, வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிகளே மிகுதியாக எஞ்சும். ஐந்து மென்பொருள் கம்பெனிகளை வாங்கி, ஐந்து வாயில் என்று எண்ணுபவர் ஏமாறுகின்றார். அமெரிக்காவில் வேலை குறைந்தால் ஐந்தும் சேர்ந்தே இறங்கும். அது ஒரே வாயில்தான். ஆகவே தொழில் வேறு, வாடிக்கையாளர் வேறு எனப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் வைத்திருப்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். ஒன்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதிருப்பது நலம். ஐம்பது கம்பெனிகளை வாங்கி வைத்து ஒன்றையும் கவனியாதிருப்பதும் முறையன்று. பங்காளி தன் கடையை எட்டிப் பார்க்க வேண்டுமல்லவா!

எப்போது விற்பது?

விலை இறங்கியது என்பது மட்டும் விற்பதற்குக் காரணமாகாது. ஏறியது என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணமாகாது. இறங்கியது விலையா, வியாபாரமா என்று பாருங்கள். வியாபாரம் நன்றாக இருந்து சந்தை முழுவதும் இறங்கியிருந்தால் பொறுமை வேண்டும். மூன்று காரணங்களுக்காக விற்கலாம். கம்பெனி ஆகாத தொழிலில் இறங்கினாலோ, அதன் வட்டிக் கடன் வரம்பைக் கடந்தாலோ, இலாபமோ நட்டமோ பாராமல் விலகுவது முதலாவது. ஷரீஅத் பட்டியல்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. ஒருமுறை பார்த்து வாங்கியது என்றைக்கும் ஹலால் என்றிருத்தல் கூடாது. நிர்வாகத்தின் நாணயம் பழுதுபட்டால் விற்பது இரண்டாவது. நமக்கு உண்மையான தேவை ஏற்பட்டால் விற்பது மூன்றாவது. வாங்கிய விலைக்கு வரட்டும் என்று கெட்டுப்போன கம்பெனியைக் கட்டிக்கொண்டு, மேலும் மேலும் அதிலேயே பணம் போடுவது பொறுமையன்று; பிடிவாதம்.

ஆகாத வழிகள்

தம்மிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள், ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குத் தடுத்தார்கள். பங்கைக் கையில் வைத்திராமலேயே விற்று, மாலைக்குள் வாங்கிக் கணக்கை நேர் செய்வது இத்தடையில் அடங்கும். காலையில் வாங்கி, டிமேட் கணக்குக்கு வந்து சேருமுன் அன்றே விற்றுவிடுவதையும் நம் உலமாக்கள் தடுத்துள்ளனர். 2023 ஜனவரி முதல் வாங்கிய பங்கு மறு வேலை நாளில் கணக்குக்கு வந்துவிடுகின்றது. வந்த பின்னரே விற்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியருக்கோ, ஒரே நாளில் வாங்கி விற்பதற்கு நாட்டுச் சட்டமும் அனுமதிக்கவில்லை.

'எஃப் அண்ட் ஓ' எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இன்னும் கொடியது. நம் கடலில் முத்தும் சங்கும் குளித்தோரின் சந்ததியினர் இங்குள்ளீர்கள். மூழ்குபவன் எழுந்து வருமுன்பே அவன் கைக்கு என்ன கிடைக்கும் என்பதை விலை பேசி வாங்குவது தடுக்கப்பட்டதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் பலவீனம் கூறப்பட்டாலும், இருக்குமா இராதா என்று அறியப்படாததை விற்கலாகாது என்ற விதி, ஃபிக்ஹு நூல்களில் உறுதியானது. ஆப்ஷன்ஸ் கூடாது என்பதையும் 1992இன் ஜித்தா தீர்மானம் தெளிவாகக் கூறியது. மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். செபி எனும் அரசு அமைப்பே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். மூன்று நிதியாண்டுகளில் இதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். நூறு படகுகள் சென்று தொண்ணூற்று மூன்று மூழ்கும் கடலுக்கு எந்தத் தந்தையாவது பிள்ளையை அனுப்புவாரா?

மற்றொரு வலையும் உண்டு. ஹலால் முதலீடு எனக் கூறி, மாதந்தோறும் இவ்வளவு இலாபம் என உறுதியளிப்பவர்கள். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் முடங்கியபோது, பணம் கட்டிய பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. தாடியும் தொப்பியும் கணக்கேட்டுக்கு ஈடாகா. கூட்டு வாணிபத்தில் நட்டத்துக்கு இடமுண்டு. நட்டத்துக்கே இடமில்லை என்பவர் வாணிபம் செய்யவில்லை என்று அறிந்து கொள்ளுங்கள்.

யாருடைய பங்கு?

ஜமாஅத்தின் முன் வரும் வழக்குகளில் வேதனையானது இது. மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகின்றான். தந்தையோ அண்ணனோ தம் பெயரில் பங்கு வாங்குகின்றார். பத்து ஆண்டுகள் கழிந்து ஒரு மவுத்து நேர்ந்தால், அது அன்பளிப்பா, அமானிதமா, கடனா என்று உடன்பிறந்தோர் பிரிகின்றனர். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்ளுமாறு அல்பகறா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. வெளிநாட்டிலுள்ளவர் தம் பெயரிலேயே அதற்குரிய வங்கிக் கணக்கும் டிமேட் கணக்கும் தொடங்க வழியுண்டு. இயலாதபோது, 'இது இன்னாருடைய பணம்' என ஒரு தாளில் எழுதி இருவர் கையொப்பமிடுங்கள். எழுதுவது அவநம்பிக்கையன்று, உறவைக் காக்கும் வேலி.

நாமினியாகப் பெயர் போட்டதால் பங்கு அவருக்கே என்று எண்ணுவோரும் உளர். 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், பங்குகளுக்கான நாமினி அவற்றின் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுரிமைச் சட்டப்படியே அவை சேர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஷரீஅத்தும் அதைத்தான் சொல்கின்றது. நாமினி பெற்று வைப்பவர்; ஃபராயிள் படி மனைவிக்கும் தாய்க்கும் பெண் மக்களுக்கும் பிரித்துத் தருவது அவர் மீது கடமை. சகோதரியின் பங்கை விழுங்கிய கையில், ஷரீஅத் குறியீட்டெண் பார்த்து வாங்கிய பங்கிருந்து என்ன பயன்? எந்தெந்தக் கம்பெனியில் எவ்வளவு உள்ளது எனப் பட்டியல் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கேட்பாரற்றுக் கிடந்தால், கம்பெனிச் சட்டப்படி பங்கும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். வாரிசுகள் மீட்கலாம்; அலைச்சல் மிகுதி.

ஜகாத்

விலை ஏறியதும் விற்கும் எண்ணத்தில் வாங்கிய பங்குகள் வியாபாரச் சரக்குகள். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்த நாளில் அவற்றின் சந்தை மதிப்பில் நாற்பதில் ஒன்று கொடுக்க வேண்டும். மூன்று லட்சம் ரூபாய் மதிப்பிருந்தால் 7,500 ரூபாய். வாங்கிய விலையையன்று, அன்றைய விலையையே பார்க்க வேண்டும். டிவிடெண்டுக்காக நெடுங்காலம் வைத்திருப்பவர், கம்பெனியின் சொத்தில் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய கடன் ஆகியவற்றில் தம் பங்கிற்கு உரியதைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அதனை அறிய இயலாதபோது, பெற்ற டிவிடெண்டில் கொடுப்பது எனும் வழியை ஃபிக்ஹு அகாடமியின் 1988ஆம் ஆண்டுத் தீர்மானம் கூறுகின்றது. பேணுதலை நாடுவோர் முழுச் சந்தை மதிப்புக்கும் கொடுத்துவிடலாம். ரமலானில் கணக்கேட்டோடு வருபவர்களுக்கு உடனமர்ந்து கணக்கிட்டுத் தர நாம் ஆயத்தமாக உள்ளோம்.

அன்புச் சகோதரர்களே! வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேலானது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். ஆகவே பொருள் சேர்ப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. வாங்கும் பொத்தானை அழுத்துமுன், 'மறுமையில் இந்த வியாபாரத்தின் பங்காளியாக எழுப்பப்பட நமக்குச் சம்மதமா?' என்று ஒரு கணம் கேட்டுக் கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக. கடலிலும் கடல் கடந்தும் உழைக்கும் எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக. எங்கள் பொருளை எங்களைப் பிரிக்கும் ஃபித்னாவாக ஆக்கிவிடாதிருப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.